ஒரே மூச்சில் ரெண்டு குரல்... சந்திரபாபு கதை தெரியுமா உங்களுக்கு?

சாயங்காலம் ஆறரை மணி. சிறுசேரி சிப்காட்டில் இருந்து கிளம்பிய ஆபீஸ் பஸ், நாவலூரைத் தாண்ட முடியாமல் ஓ.எம்.ஆரில் நிற்கிறது. உங்கள் காதில் இயர்பட்ஸ். ப்ளேலிஸ்ட்டில் டெய்லர் ஸ்விஃப்ட். நடுவில் அம்மாவிடம் இருந்து போன். அரை மணி நேரம் முன்புவரை கிளையன்ட்டிடம் ஒரு தினுசாக இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்த நீங்கள், போனை எடுத்த அடுத்த நொடி தூத்துக்குடிக்கோ தேனிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விடுகிறீர்கள். வார்த்தை மாறுகிறது, இழுவை மாறுகிறது, குரலே மாறிவிடுகிறது. பக்கத்து சீட்டில் இருக்கும் கலீக் திரும்பிப் பார்க்கிறார். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும். சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள். சரிதானே?

அந்த மாறுகிற நொடியை மறைக்காமல், அதையே தன் பாட்டுக்குக் கொண்டுவந்த ஒருத்தர் நம்ம ஊரில் இருந்தார். அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் பாட்டு இன்னும் ரீல்ஸில் ஓடுகிறது. பெயர், ஜே.பி.சந்திரபாபு.

முதலில் டெய்லர் ஸ்விஃப்ட்டில் இருந்தே ஆரம்பிப்போம். 2006-ல் முதல் ஆல்பம் வந்தபோது அவர் முழுக்க முழுக்க ஒரு கன்ட்ரி பாடகி. 2012-ல் வந்த 'ரெட்' ஆல்பத்தில் ஒரு கால் கன்ட்ரியில், இன்னொரு கால் பாப்பில். 2014-ல் '1989' வந்தபோது மொத்தமாகப் பாப் பக்கம் போய்விட்டார். பழைய ரசிகர்களில் ஒரு கூட்டம், நம்ம பொண்ணு நம்மளை விட்டுட்டுப் போயிட்டா என்று வருத்தப்பட்டது. இன்னொரு கூட்டம், வளர்ந்துட்டா என்று கொண்டாடியது.

ஒரு கிராமத்து இசை, எல்லோரும் முணுமுணுக்கிற இசையாக மாறும்போது எந்த ஊரிலும் இந்தச் சண்டை வரும். தமிழில் ஆல்பம் என்ற பேச்சே இல்லாத 1950-களில், அமெரிக்க கன்ட்ரி இசையின் அடையாளமான ஒரு சங்கதியைத் தூக்கிவந்து, சினிமாப் பாட்டில் போட்டு, டீக்கடை வரை கொண்டுபோனவர் சந்திரபாபு. அந்தச் சங்கதியின் பெயர் யோடலிங்.

அதென்ன யோடலிங்?

நம் எல்லோருக்குமே ரெண்டு குரல் உண்டு. சாதாரணமாகப் பேசுகிற கனமான நெஞ்சுக் குரல் ஒன்று. அதற்கு மேலே, மெல்லிசாகக் கீச்சென்று வரும் கள்ளக் குரல் இன்னொன்று. பாட்டு வாத்தியார்கள் பெரும்பாடு பட்டுச் சொல்லித்தருவது, இந்த ரெண்டும் சேருகிற ஒட்டு வெளியே தெரியக் கூடாது என்பதைத்தான். யோடலிங் நேர் எதிர். அந்த ஒட்டிலேயே ஏறி நின்று, இங்கேயும் அங்கேயும் தாவுவது. குரல் உடைவதுதான் அங்கே அழகே.

நம் பழைய நாடக உலகில் குரல் உடைவது என்றாலே பயம். பாய்ஸ் கம்பெனியில் சின்னப் பையன்கள்தான் எல்லா வேஷமும் போடுவார்கள். பதிமூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், பாடுகிற வேஷம் போய்விடும். அப்படி ஒரு ஊரில், உடைகிற குரலையே ஒருத்தர் பாட்டாக்கினார் என்றால் சும்மாவா?

யோடலிங் பிறந்தது ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில். மாடு மேய்ப்பவர்கள் ஒரு மலைச்சரிவில் இருந்து இன்னொரு சரிவுக்குக் குரல் கொடுக்க இதுதான் வழி. பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர்களோடு அதுவும் கப்பல் ஏறியது. அங்கே ஜிம்மி ராட்ஜர்ஸ் என்று ஒரு ரயில்வே தொழிலாளி. காசநோய் வந்து ரயில் வேலையைத் தொடர முடியாமல், பாட்டையே பிழைப்பாக எடுத்துக்கொண்டவர். 1927 ஆகஸ்ட்டில், டென்னசி மாநில எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்ற சின்ன ஊரில், ஒரு ரெக்கார்டு கம்பெனி தற்காலிகமாகப் போட்டிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் முதல் பாட்டுகளைப் பாடினார். அதில் ஒன்று தாலாட்டு, அதிலேயே யோடலிங் உண்டு. இன்றைக்கு அவரை கன்ட்ரி இசையின் தந்தை என்கிறார்கள். 1933-ல், 35 வயதில் இறந்துபோனார்.

அதே 1927. அதே ஆகஸ்ட் மாதம். இங்கே தூத்துக்குடியில் ஒரு குழந்தை பிறந்தது.

மூணு ஊர், மூணு தமிழ்

வசதியான பரதவர் குடும்பம். கத்தோலிக்கர்கள். குழந்தைக்கு ஜோசப் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த கொஞ்ச நாளிலேயே கடுமையான காய்ச்சல். பிழைக்குமா என்ற நிலை. பிழைத்துவிட்டது. தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்லித்தர வேண்டுமா? பனிமய மாதா. குழந்தை பனிமயதாஸ் ஆனது. வீட்டில் செல்லப் பெயர் பாபு. தன் சமூகத்தின் சந்திரகுலப் பெருமையையும் சேர்த்து, பிற்பாடு சந்திரபாபு ஆனார்.

அப்பா ரோட்ரிக்ஸ், சுதந்திரப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகை நடத்தியவர். 1929-ல் கைதானார். வெளியே வந்ததும் குடும்பத்தோடு கொழும்புக்குப் போக வேண்டியதாயிற்று. பையனுக்கு அப்போது ரெண்டு வயது. ஆக, அவருக்கு நினைவு தெரிந்த முதல் ஊர் தூத்துக்குடி இல்லை, கொழும்பு. படிப்பும் அங்கேதான். போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன தாளத்தில் ஆடுகிற பைலா பாட்டு, மாதா கோயில் பாட்டு, இங்கிலீஷ் ரெக்கார்டு எல்லாம் கலந்து கிடக்கும் துறைமுக நகரம் அது. அவர் பாட்டுகளில் துள்ளுகிற நடையைக் கேட்கும்போதெல்லாம், எனக்கு அந்தக் கடற்கரை ஊர்தான் ஞாபகம் வரும்.

1943-ல் குடும்பம் சென்னை வந்தது. திருவல்லிக்கேணி வாசம். அப்பாவுக்கு 'தினமணி'யில் வேலை. பிறப்பு தூத்துக்குடி, வளர்ப்பு கொழும்பு, பிழைப்பு மெட்ராஸ். பிற்காலத்தில் 'சபாஷ் மீனா'வின் ரிக்‌ஷாக்காரராகவும், 'சகோதரி'யின் பால்காரராகவும் அவர் பேசிய மெட்ராஸ் பாஷையைக் கேட்டால், பரம்பரையாக இதே தெருவில் பிறந்து வளர்ந்தவர் என்று சத்தியம் செய்வீர்கள். அதுவும் அவர் கற்றுக்கொண்ட தமிழ்தான். வீட்டில் ஒன்று, ஸ்டூடியோவில் ஒன்று, மேல்தட்டு நண்பர்களிடம் இங்கிலீஷ். நாவலூர் பி.ஜி-யில் தங்கி வேலை பார்க்கும் உங்களுக்கு இதைப் பிரித்துச் சொல்லத் தேவையில்லை.

தட்டினார்... திறக்கலை

1947-ல் 'தன அமராவதி' படத்தில் தலைகாட்டினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாடத் தெரியும், ஆடத் தெரியும், நடிக்கத் தெரியும். ஆனால் இந்த மூன்றும் ஒருவரிடம் இருந்தால் எந்தப் பெட்டியில் போடுவது என்று அன்றைய சினிமாவுக்குத் தெரியவில்லை. ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினார்.

1952-ல் ஒரு நாள் மனம் உடைந்து, ஜெமினி ஸ்டூடியோவிலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். வழக்கு, கோர்ட் என்று போய் ஒரு வழியாக வெளியே வந்தார். அதே ஜெமினியின் அதிபர் எஸ்.எஸ்.வாசன், 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேஷம் கொடுத்தார். அந்த ஒரு நாளோடு கதை முடிந்திருந்தால், அதற்கப்புறம் வந்த எதுவுமே நமக்குக் கிடைத்திருக்காது. இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு நாள் வந்தால், இந்தப் பத்தியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மைக்குக்கு முன்னால் ஒரு புதுக் குரல்

அவர் பாட்டில் என்ன புதுசு என்று புரிய, அதற்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் பார்க்கணும். எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் எல்லாம் மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியவர்கள். உச்ச ஸ்தாயி, கணீர்க் குரல், கர்னாடக சங்கீத அஸ்திவாரம். சினிமா வந்த பிறகும் அந்த ருசி ரொம்ப நாள் போகவில்லை.

மைக் வந்ததும் கத்த வேண்டிய அவசியம் போய்விட்டது. காதோரம் பேசுகிற மாதிரி பாடலாம். நடுவில் சிரிக்கலாம், பெருமூச்சு விடலாம், குரலை வேண்டுமென்றே உடைக்கலாம். அமெரிக்காவில் ராட்ஜர்ஸுக்குக் கிடைத்ததும் இதே மைக் வசதிதான். சந்திரபாபு அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்தினார். வடக்கே இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர் கிஷோர் குமார். அவருடைய அண்ணன் அனூப் குமாரிடம் இருந்த வெளிநாட்டு யோடலிங் ரெக்கார்டுகளைக் கேட்டுத்தான் அவருக்கு அது தொற்றியது என்பார்கள். ரெண்டு பேருமே பாடகர்கள், ரெண்டு பேருமே திரையில் சிரிக்க வைத்தவர்கள். ஆனால் வாழ்க்கை ரெண்டு பேரையும் வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

1954-ல் ஏவி.எம்-மின் 'பெண்' படம். அதில் திரையில் வாயசைத்தவர் எஸ்.பாலசந்தர். ஆமாம், பிற்பாடு உலகமே கொண்டாடிய வீணை வித்வான் அவரேதான். அவருக்குப் பின்னணி கொடுத்த குரல் சந்திரபாபுவுடையது. கல்யாண ஆசையைப் பற்றிய அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவியது. வீணை வித்வானின் முகம், மேற்கத்திய பாணிக் குரல். தமிழ் சினிமா எதையெல்லாம் சர்வசாதாரணமாக ஒட்டவைத்திருக்கிறது, பாருங்கள்!

1957-ல் 'புதையல்'. இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, சந்திரபாபு பாடிய காதல் பாட்டு இன்றைக்கும் கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் தப்பாமல் வரும். 1958-ல் 'சபாஷ் மீனா'. சிவாஜி கணேசன் ஹீரோ. ஆனால் இரட்டை வேஷம் யாருக்கு? சந்திரபாபுவுக்கு. 1959-ல் 'மரகதம்'. அதில் ஜமுனாராணியோடு அவர் பாடிய 'குங்குமப்பூவே' பாட்டை உங்கள் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். பாதியை அவரே பாடிக் காட்டுவார்.

அதே வருஷம் 'சகோதரி'. படத்தை எடுத்து முடித்த பிறகு ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி இல்லை. சந்திரபாபுவைக் கூப்பிட்டு, பால்காரர் காட்சிகளைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். படம் ஓடியது. தன்னைத்தானே முட்டாள் என்று சொல்லிக்கொள்ளும் அந்தப் படத்துப் பாட்டுதான் இன்றைக்கு மீம் போடுகிறவர்களின் தேசிய கீதம்.

திறந்த கதவும் திறக்காத கதவும்

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்கணும். அந்தப் புது இசையைத் தமிழ் சினிமா ஏற்றுக்கொண்டது. எந்த வாசல் வழியாக? காமெடி வாசல் வழியாக. கோட்டு, சூட்டு, ட்விஸ்ட் ஆட்டம், யோடலிங் எல்லாம் காமெடியன் செய்தால் சரி. ஹீரோ உருக வேண்டும் என்றால் அதற்கு வேறு குரல், வேறு ராகம். டெய்லர் ஸ்விஃப்ட் கன்ட்ரியில் இருந்து பாப்புக்குப் போனபோது மேடையின் நடுவிலேயே நின்றார். சந்திரபாபுவுக்கு மேடையின் ஓரம்தான் கிடைத்தது. கிஷோர் குமார் ராஜேஷ் கன்னாவுக்கும் அமிதாப் பச்சனுக்கும் குரலாகி நடுமேடைக்குப் போனார். சந்திரபாபுவின் குரல் பெரும்பாலும் சந்திரபாபுவுக்கே நின்றுபோனது.

அவர் சும்மா இருக்கவில்லை. 1960-ல் 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் ஹீரோ ஆனார். தயாரித்தவர் கவிஞர் கண்ணதாசன். பிறப்பில் இருந்து இறப்பு வரை மனிதன் அழுவதைப் பற்றி அதில் அவர் பாடும் பாட்டில் ஒரு துளி காமெடி கிடையாது. பாட்டு நின்றது, படம் நிற்கவில்லை. கண்ணதாசனுக்குப் பெரிய நஷ்டம். படப்பிடிப்புக்கு ஒழுங்காக வந்து ஒத்துழைக்கவில்லை என்ற மனக்குறையும் அவருக்கு இருந்தது. சந்திரபாபுவை நாம் புனிதராக்க வேண்டியதில்லை. வெடுக்கென்று பேசுகிற வாய், கையில் நிற்காத காசு, குடி எல்லாம் இருந்தது. திருமண வாழ்க்கையும் நிலைக்கவில்லை. இன்னொருவரை விரும்புவதாக மனைவி சொன்னதும், மரியாதையோடு அனுப்பிவைத்தார் என்பது சினிமா உலகம் இன்னமும் பேசுகிற கதை.

பிறகு எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்று ஒரு படம் ஆரம்பித்தார். பாதியில் நின்றது. போட்ட பணம் போனது. கார் நேராக மாடிக்கே ஏறுகிற மாதிரி ஆசையாகக் கட்டிய வீடும் கடனில் போனது. அந்தப் படத்தின் தலைப்பை இப்போது படித்தால் மனசு என்னவோ செய்யும்.

அப்படியும் விடவில்லை. 1966-ல் தானே இயக்கி, சாவித்திரியோடு நடித்து ஒரு படம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர், 'தட்டுங்கள் திறக்கப்படும்'. பைபிளில் இருந்து வந்த தலைப்பு. இருபது வருஷமாகக் கதவு தட்டியவர் வேறு என்ன பெயர் வைப்பார்? அந்தக் கதவும் பெரிதாகத் திறக்கவில்லை. 1974 மார்ச்சில் இறந்தார். வயது 46. சென்னை சாந்தோம் பக்கம், குயிபிள் தீவுக் கல்லறையில் இருக்கிறார்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை

தோற்றுப்போன ஒருவரின் கதையை எதற்கு இவ்வளவு நேரம் சொன்னாய் என்று கேட்கலாம். தோற்றார் என்று நான் நினைக்கவில்லை. வங்கிக் கணக்கைப் பார்த்தால் தோல்வி, காதைக் கேட்டால் இல்லை. இன்றைக்கு ஒரு தமிழ் இண்டி பாடகர் கிதாரோடு உட்கார்ந்து, பாதி பேச்சும் பாதி பாட்டுமாகக் குரல் உடைய உடையப் பாடினால், நாம் அதை காமெடி என்று சொல்வதில்லை. ஹீரோவே அப்படிப் பாடுகிறார். அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் இவர். சுங்கம் கட்டியவர் அவர், இலவசமாகப் போகிறவர்கள் நாம்.

இந்த சனிக்கிழமை ஒன்று செய்யுங்கள். ஓ.எம்.ஆரில் தெற்கே போய், கேளம்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் கோவளம். அங்கேயும் கட்டுமரமும் மாதா கோயிலும் உண்டு. கடலைப் பார்த்து உட்கார்ந்து மூன்று பாட்டு கேளுங்கள். முதலில் 'புதையல்' காதல் பாட்டு. அடுத்து 'சகோதரி' பால்காரர் பாட்டு. கடைசியாக 'கவலை இல்லாத மனிதன்' சோகப் பாட்டு. சிரிக்கிற குரலும் அழுகிற குரலும் ஒரே தொண்டையில் எவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அம்மா போன் வரும். கலீக் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும். குரலைத் தாழ்த்தாதீர்கள். ஊர்த் தமிழிலேயே பேசுங்கள்!

*மனம் சோர்ந்து போகும்போது தனியாக இருக்காதீர்கள். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி-மானஸ் 14416 ஆகிய எண்களை எந்த நேரமும் அழைக்கலாம்.*